அயர்ன் மெய்டனை எங்கிருந்து தொடங்குவது: 17 ஆல்பத்துக்கும் ஒரு கேட்கும் வரிசை

அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்ட் 1980இலிருந்து 2021 வரை போட்டது 17 ஸ்டுடியோ ஆல்பம். டர்பனில் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ நம் பிள்ளைகள் யாராவது “எதிலிருந்து ஆரம்பிக்கிறது?” என்று கேட்டால், பழைய ரசிகர்கள் “முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேள்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப் போனவர்கள் 1990 ஆல்பம் வந்ததும் சலித்துப்போய் நின்றுவிடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது. இன்னொரு கூட்டம் புதிதாக வந்ததைக் கேட்போம் என்று 82 நிமிட ‘செஞ்சுட்சு’வில் கைவைத்து, மூன்றாம் பாட்டிலேயே கழன்றுகொள்கிறது.

கீழே இருக்கும் வரிசையில் ஆண்டுக் கணக்கைத் தேடாதீர்கள். எந்த ஆல்பம் அடுத்த ஆல்பத்துக்குக் காதைப் பழக்குகிறது என்பதை வைத்துப் போட்டது. நடுவில் என் அபிப்பிராயங்களும் வரும், பிடிக்காவிட்டால் தாண்டிப் போங்கள், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. பாட்டைப் போடுவதற்கு முன்

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்த பேண்டை நடத்துவது பேஸ் கிட்டார். ஸ்டீவ் ஹாரிஸ் பேஸ் வாசிக்கிறார், பாதிக்கு மேல் பாட்டு எழுதியவரும் அவர்தான். ஃபோன் ஸ்பீக்கரில் முதலில் காணாமல் போவதே அந்த பேஸ். விலை குறைந்த வயர் இயர்ஃபோன் போதும், ஆயிரக்கணக்கில் ராண்ட் செலவழிக்க வேண்டாம்.

அதற்காக பேஸ் பூஸ்டைப் போட்டுவிடாதீர்கள். டர்பன் பிள்ளைகள் மறக்காமல் செய்யும் தப்பு இது. டாக்ஸியில் சீட்டே அதிரும்படி கோம் என்ற டர்பன் நடன இசையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, பேஸ் என்றால் அடிவயிற்றில் இறங்க வேண்டும். என் தம்பி மகன் இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, “பெரியப்பா, இதுல பேஸே இல்லையே?” என்றான். இருந்தது, அவன் தேடின இடத்தில் இல்லை, அவ்வளவுதான். ஹாரிஸ் பிக் வைத்துக்கொள்ளாமல் விரலால் வாசிப்பவர், தட்டையாகச் சுற்றிய கம்பி போடுபவர். அவருடைய சத்தம் கீழே முழங்காது, கிட்டார்களுக்கு நடுவில் கணகணவென்று கேட்கும். பூஸ்ட் போட்டால் அந்தக் கணகணப்பு கலங்கிப்போய் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததைக் கலந்துவிடும் கிராஸ்ஃபேடையும் அணையுங்கள், ஏனென்றால் இவர்களுடைய பல பாட்டுகள் மெல்லிய கிட்டாரில் தொடங்கி மெல்லிய கிட்டாரில்தான் முடியும், அந்த இடத்தைத்தான் கிராஸ்ஃபேட் விழுங்குகிறது. எல்லாப் பாட்டையும் ஒரே அளவு சத்தத்தில் தரும் அமைப்பு இருந்தால் அதை மட்டும் போட்டு வையுங்கள். சத்தம் கூடின ஆல்பம் நல்ல ஆல்பமாகத் தோன்றும், அந்த ஏமாற்று வேண்டாம். பழைய சீடி கடையில் 1998 ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியைச் சீர்செய்து மறுபடி வெளியிட்டது) கிடைத்தால் வாங்கலாம், ஆனால் அதில் சத்தத்தைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். முதல் முறை கேட்க 2015 ரீமாஸ்டர் காதுக்கு இதம்.

வைஃபை இருக்கும் இடத்தில் முழு ஆல்பத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டேட்டா விற்கிற விலையில் பதினெட்டு நிமிடப் பாட்டை வழியில் ஓடவிட முடியாது.

2. முதலில் ‘பவர்ஸ்லேவ்’ (1984)

எட்டே பாட்டு, ஐம்பத்தோரு நிமிடம். எல்லாரும் 1982இன் ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’டைத்தான் கையில் கொடுப்பார்கள். நான் கொடுப்பதில்லை. காரணம் இரண்டு. பவர்ஸ்லேவில் ஹாரிஸ், பாடகர் புரூஸ் டிக்கின்சன், கிட்டாரில் டேவ் மரே, ஏட்ரியன் ஸ்மித், டிரம்மில் நிக்கோ மெக்பிரெயின் என்று ஐந்து பேரும் முந்தைய ஆல்பத்திலேயே ஒன்றாக வாசித்துச் சூடாகியிருந்தார்கள். இன்னொன்று, இந்த பேண்ட் செய்யும் எல்லா வகைப் பாட்டும் இந்த ஒரே ஆல்பத்தில் இருக்கிறது: வேகமானது, நடுத்தரமானது, குரலே இல்லாத வாத்தியப் பாட்டு, கடைசியில் மிக நீளமானது. எது உங்களுக்கு ஒத்துவருகிறது என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

முதல் சுற்றில் குரலை விட்டுவிட்டு தாளத்தை மட்டும் பிடியுங்கள். மெய்டனின் குதிரை ஓட்டம் என்று ரசிகர்கள் சொல்வது ஒரு நீள அடி, கூடவே இரண்டு குட்டி அடி: தாம்-தக தாம்-தக தாம்-தக. கோவில் மேளத்தோடு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம், தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள், வந்துவிடும். அது பிடிபட்டால் மற்ற பதினாறு ஆல்பத்திலும் பாதி வழி தெரிந்த மாதிரி.

நடுவில் நாலாவது, ஐந்தாவது, ஆறாவது பாட்டுகள் கொஞ்சம் தொய்யும். நாலும் ஐந்தும் வாள்சண்டைப் பாட்டு, டிக்கின்சன் போட்டிகளில் வாள் வீசியவர் என்பதால் அந்த ஆசை அவருக்கு. தொய்வதால் தாண்டாதீர்கள், அந்த மூன்றும் தொய்ந்தால்தான் தலைப்புப் பாட்டு வரும்போது எழுந்து உட்காருவீர்கள்.

கடைசிப் பாட்டு 13 நிமிடம் 45 வினாடி. கோல்ரிட்ஜ் என்ற ஆங்கிலக் கவிஞர் எழுதிய கிழட்டு மாலுமியின் கதையை ஹாரிஸ் பாட்டாக்கியிருக்கிறார். இதை அன்றைக்கே கேட்காதீர்கள், மறுநாள் தனியாகக் கேளுங்கள். நடுவில் வாத்தியம் எல்லாம் அடங்கி, கப்பலின் மரம் கிறீச்சிடுவது மட்டும் கேட்கும், பேஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டும், ஒரு குரல் கவிதை வரிகளைப் படிக்கும். புதிதாகக் கேட்பவர்கள் ‘பாட்டு நின்றுபோச்சு’ என்று அடுத்ததுக்குத் தாவும் இடம் இதுதான். அங்கே காத்திருக்கக் கற்றுக்கொண்டால், பின்னால் வரும் பத்து நிமிடப் பாட்டுகள் ஒன்றும் உங்களை மிரட்டாது.

3. உடனே லைவ்: ‘லைவ் ஆஃப்டர் டெத்’ (1985)

ஸ்டுடியோ ஆல்பத்தை விட்டுவிட்டு ஏன் இப்போதே லைவ் என்று கேட்பீர்கள். பவர்ஸ்லேவ் சுற்றுப்பயணத்தில் பதிவானது இது, பெரும்பகுதி கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில். முதல் நாலு ஆல்பத்தின் முக்கியமான பாட்டுகள் எல்லாம் ஒரே பாடகர் குரலில், ஒரே வேகத்தில், ஒரே ஒலிப்பதிவில் கிடைக்கிறது. பழைய ஆல்பங்களுக்குப் போகும்போது பாதிப் பாட்டு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும், ஒலிப்பதிவு மட்டமாக இருந்தாலும் பாட்டு தெரிந்திருப்பதால் சகித்துக்கொள்வீர்கள்.

4. பின்னால் போங்கள்: 1983, பிறகு 1982

‘பீஸ் ஆஃப் மைண்ட்’ (1983) முதலில். நிக்கோ பேண்டுக்குள் வந்த முதல் ஆல்பம், முதல் பாட்டே அவருடைய டிரம் உருட்டலோடுதான் திறக்கும். முன்பாதி அருமை. பின்பாதியில் மனிதனையும் டைனோசரையும் ஒரே காலத்தில் நடக்கவிடும் ஒரு பாட்டு இருக்கிறது, அதைக் கேட்டுச் சிரிக்கலாம், தப்பில்லை. கடைசிப் பாட்டு ‘டியூன்’ நாவலைப் பற்றியது. நாவலின் பெயரையே பாட்டுக்கு வைக்க அனுமதி கேட்டார்கள், எழுத்தாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட் தரப்பு மறுத்துவிட்டது, அதனால் வேறு தலைப்போடு வந்தது.

அப்புறம் ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ (1982). டிக்கின்சனின் முதல் ஆல்பம், இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் இவர்களுக்கு முதல் இடம் வாங்கிக் கொடுத்த முதல் ஆல்பமும் இதுதான். முதல் பாட்டு சுமார்தான். அதைக் கேட்டுவிட்டு “இதுக்கா இவ்வளவு பேச்சு?” என்று மூடியவர்கள் நிறைய. கடைசிப் பாட்டு வரைக்கும் போயே ஆக வேண்டும். தூக்குக்குக் காத்திருக்கும் கைதியின் மனசு அது, ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல், இவர்கள் எழுதியதிலேயே என் கணக்கில் முதல் மூன்றுக்குள் வரும்.

இந்த ஆல்பத்தின் அட்டையை வீட்டில் யாராவது பார்த்தால் பேச்சு வரும், அதுவும் சர்ச்சுக்குப் போகிற அத்தை இருக்கிற வீடு என்றால் நிச்சயம் வரும். எட்டி என்ற அந்த எலும்பு உருவம் பேண்டின் சின்னம், தலைப்புப் பாட்டு ஒரு கெட்ட கனவைச் சொல்கிறது, பிசாசு வழிபாடு எதுவும் இல்லை என்று பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். எடுபடாவிட்டால் டீ-ஷர்ட்டை வேறு இடத்தில் காயப்போடுங்கள்.

5. பால் டியானோவின் இரண்டு ஆல்பம்

‘அயர்ன் மெய்டன்’ (1980), ‘கில்லர்ஸ்’ (1981). பாடுவது வேறு ஆள், கரகரப்பான தெருக்குரல். வரிசையை 1980இல் தொடங்கினால் இந்தக் குரல்தான் மெய்டன் என்று காது முடிவு செய்துவிடும், மூன்றாவது ஆல்பத்தில் டிக்கின்சன் உச்சஸ்தாயியில் வரும்போது அதிர்ச்சியாக இருக்கும். பின்னாலிருந்து வந்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

முதல் ஆல்பத்தின் ஒலிப்பதிவு பேண்டுக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் இரண்டாவதிலிருந்து மார்ட்டின் பர்ச் என்ற தயாரிப்பாளரைக் கொண்டுவந்தார்கள், 1992 வரை அவர்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஒரு தயாரிப்பாளர் என்ன செய்கிறார் என்பது அப்போது காதுக்கே தெரியும். பாட்டுகளின் தரத்தில் முதல் ஆல்பம்தான் மேல் என்பது என் கட்சி. அதிலுள்ள ஏழு நிமிடப் பாட்டு, பின்னால் இவர்கள் எழுதின நீளப் பாட்டுகளுக்கெல்லாம் மூத்தது.

6. 1986, 1988: இரண்டையும் சேர்த்து

‘சம்வேர் இன் டைம்’ (1986) வந்தபோது கிட்டாரில் சிந்தசைசர் சத்தமா என்று பலர் முகம் சுளித்தார்கள். டிக்கின்சன் கொண்டுவந்த மென்மையான பாட்டுகளை மற்றவர்கள் ஒதுக்கிவிட்டதால் இந்த ஆல்பத்தில் அவர் எழுதினது ஒன்றுகூட இல்லை. ஸ்மித் எழுதினவைதான் இதைத் தூக்கி நிறுத்துகின்றன. அட்டைப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பழைய பாட்டுகளின் அடையாளங்கள் அந்தக் கடைத்தெரு முழுக்க ஒளிந்திருக்கும். இத்தனை ஆல்பம் கேட்ட பிறகு பார்த்தால்தான் அவை பிடிபடும் என்பதற்காகவும் இதை இங்கே வைத்தேன்.

‘செவன்த் சன் ஆஃப் எ செவன்த் சன்’ (1988) எனக்கு முதல் இடம். ஏழாவது மகனுக்கு ஏழாவதாகப் பிறந்த மகன், வருவதை முன்பே அறியும் சக்தி, அந்தச் சக்தியே அவனுக்குச் சாபம், இதுதான் கதை. எட்டுப் பாட்டு, 44 நிமிடம். கீபோர்டு இருக்கிறது, ஆனால் எங்கும் முன்னால் வந்து நிற்காது. ஆல்பம் தொடங்கும்போது தனிக் கிட்டாரோடு வரும் அதே வரிகள், ஆல்பம் முடியும்போதும் வரும். ஷஃபிளை அணைக்கச் சொன்னது முக்கியமாக இந்த ஒரு ஆல்பத்துக்காகத்தான், கலைத்துப் போட்டால் தனித்தனியாக நல்ல பாட்டு எட்டு கிடைக்கும், கதை கிடைக்காது.

7. 1990, 1992: இங்கே தங்க வேண்டாம்

‘நோ பிரேயர் ஃபார் தி டையிங்’ (1990): மறுபடி எளிமையாக வாசிப்போம் என்று ஹாரிஸின் பண்ணைக் கொட்டகையில் பதிவு செய்தார்கள். அந்தப் போக்கு பிடிக்காமல் ஸ்மித் விலகினார், ஜானிக் கெர்ஸ் வந்தார். டிக்கின்சன் வேண்டுமென்றே தொண்டையைக் கரகரக்க வைத்துப் பாடுகிறார், அவருக்கு ஒட்டவில்லை. என் பட்டியலில் இதுதான் கடைசி. இத்தனைக்கும் இவர்களுடைய சிங்கிள்களில் இங்கிலாந்தில் முதல் இடம் பிடித்த ஒரே பாட்டு இந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது, விற்பனையை வைத்து அபிப்பிராயம் சொல்பவர்களிடம் எடுத்துவிட இது உதவும்.

‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ (1992): பன்னிரண்டு பாட்டில் நாலு தேறும். தலைப்புப் பாட்டை இங்கே ஒரு முறை கேட்டுவிட்டு வையுங்கள், அடுத்த கட்டத்தில் அது வேறு உருவத்தில் வரும்.

8. பிளேஸ் பெய்லி: தாண்டாமல் கேட்கும் முறை

1993இல் டிக்கின்சன் போனார். அவர் இடத்துக்கு வந்த பிளேஸ் பெய்லியைத் திட்டுவது ரசிகர்களுக்குச் சடங்கு மாதிரி ஆகிவிட்டது, கேட்காமலே திட்டுகிறவர்களும் உண்டு. அதனால் இந்தக் கட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ‘ராக் இன் ரியோ’ லைவ் ஆல்பம். 2001 ஜனவரியில் பிரேசிலில் பதிவானது, அதற்குள் டிக்கின்சனும் ஸ்மித்தும் திரும்பி வந்திருந்தார்கள். பிளேஸ் காலத்துப் பெரிய பாட்டுகள் இரண்டை டிக்கின்சன் அதில் பாடுகிறார். கேட்டதும் “இவ்வளவு நல்ல பாட்டா?” என்று தோன்றும். அதே ஆல்பத்தில் ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ தலைப்புப் பாட்டும் இருக்கிறது, கூட்டம் கிட்டார் மெட்டையே வாயால் பாடும், ஸ்டுடியோவில் கேட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறகு ‘தி எக்ஸ் ஃபாக்டர்’ (1995). 71 நிமிடம், முதல் பாட்டே பதினொரு நிமிடம். இரவில் கேளுங்கள், பகலில் வேண்டாம். ஹாரிஸின் மணவாழ்க்கை உடைந்துகொண்டிருந்த நேரத்தில் எழுதினது, போரும் சாவும் சந்தேகமுமாகவே போகும். பிளேஸின் குரல் கீழ்ஸ்தாயிக் குரல், இந்த இருட்டுக்கு அது பொருந்துகிறது. மேடையில் டிக்கின்சனின் பழைய பாட்டுகளை அதே உயரத்தில் பாட வைத்ததால்தான் அவர் தடுமாறினார், அதில் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எக்ஸ் ஃபாக்டரை நான் பட்டியலின் நடுவில் வைப்பேன், இதற்காக என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு.

‘விர்ச்சுவல் லெவன்’ (1998): எட்டுப் பாட்டில் ஒன்று கிட்டத்தட்ட பத்து நிமிடம் ஓடும், அதில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி உயிரை எடுப்பார்கள். அதைத் தாண்டலாம், இந்த வழிகாட்டியில் நான் தாண்டச் சொல்லும் ஒரே பாட்டு அது. ஸ்காட்லாந்துக் குலவீரனைப் பற்றிய பாட்டு மட்டும் பொன்.

9. மூன்று கிட்டார் காலம்

ஸ்மித் திரும்பியதும் கெர்ஸை அனுப்பிவிடாமல் மூன்று கிட்டாராக வைத்துக்கொண்டார்கள். ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ (2000) முதலில். மூன்று கிட்டாரையும் பிரித்துக் கேட்க ஹெட்ஃபோனில் இடது, வலது, நடு என்று கவனியுங்கள், ஒரு வாரத்தில் யார் எது என்று ஓரளவு பிடிபடும்.

அடுத்து ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’ (2006). மாஸ்டரிங் செய்யாமலே வெளியிட்டார்கள், சத்தத்தைக் கடைசியில் ஏற்றி அமுக்காததால் டிரம் மூச்சு விடுகிறது. முதல் தடவை மந்தமாகத் தோன்றும், மூன்று தடவைக்கு முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அப்புறம் ‘டான்ஸ் ஆஃப் டெத்’ (2003). அட்டை கண்றாவி, எல்லாருக்கும் தெரியும், ஆனால் முதல் உலகப் போரின் சேற்றுப் போர்க்களத்தைப் பற்றி அதில் ஒரு பாட்டு இருக்கிறது, அதற்காகவே வாங்கலாம். ‘தி ஃபைனல் ஃபிரன்டியர்’ (2010) முதல் நாலு நிமிடம் வெறும் முன்னுரை, பொறுத்துக்கொண்டால் பின்பாதி நன்றாக இருக்கும்.

‘தி புக் ஆஃப் சோல்ஸ்’ (2015) 92 நிமிடம். இதை வீட்டில் உட்கார்ந்து கேட்க யாருக்கும் நேரம் வாய்க்காது, காரில் போடுங்கள். டர்பனில் ஏறும்போது போட்டால், என்3 நெடுஞ்சாலையில் லாரிகள் வழிவிட்டால், மூய் ரிவர் டோல் பக்கம் வரும்போது கடைசிப் பாட்டில் இருப்பீர்கள். அந்தப் பாட்டு 18 நிமிடம், 1930இல் பிரான்ஸில் விழுந்து எரிந்த ஆர்101 ஆகாயக் கப்பலைப் பற்றி டிக்கின்சன் தனியாக எழுதினது, பியானோவும் அவரே. ‘செஞ்சுட்சு’ (2021) கடைசி. அதில் இறுதி மூன்று பாட்டும் பத்து நிமிடத்துக்கு மேல், மூன்றும் ஹாரிஸ் தனியாக எழுதினவை. இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவருக்கு அது விருந்து, இங்கிருந்து தொடங்குகிறவருக்குத் தண்டனை.

10. அபிப்பிராயத்தை எப்படி எழுதுவது

பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடாதீர்கள். பவர்ஸ்லேவுக்கு முதல் வாரமே பத்து போட்டுவிட்டு, செவன்த் சன் வந்ததும் பதினொன்று போட முடியாமல் முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் மூன்று வரி போதும்: எந்தப் பாட்டு திரும்ப இழுக்கிறது, எது தொய்கிறது, ஏன்.

பாட்டு சரியில்லையா, பதிவு சரியில்லையா என்று பிரித்துச் சொல்லுங்கள். சோதிக்க வழி சுலபம்: அதே பாட்டின் லைவ் பதிவைத் தேடுங்கள். அங்கே நன்றாக இருந்தால் குறை ஸ்டுடியோவுக்கு, அங்கேயும் தொய்ந்தால் குறை எழுதினவருக்கு.

11. கச்சேரிக்குப் போவதாக இருந்தால்

2016இல் கேப் டவுனுக்கும் ஜோஹானஸ்பர்க்குக்கும் வந்தார்கள், டர்பனுக்கு வரவில்லை. மறுபடி வந்தாலும் நாம் ஜோபர்குக்கு வண்டி கட்டத்தான் வேண்டியிருக்கும், ஆறு மணி நேரம். டிக்கெட் வாங்கும் முன் அது எந்தச் சுற்றுப்பயணம் என்று பாருங்கள். புது ஆல்பத்துக்கான பயணம் என்றால் அதிலிருந்தே நிறைய வாசிப்பார்கள், 2006இல் முழு ஆல்பத்தையும் முதலிலிருந்து கடைசி வரை வாசித்து, பழைய பாட்டுக்காக வந்தவர்களைக் கடுப்பேற்றினார்கள். 2025இல் தொடங்கின பயணம் முதல் ஒன்பது ஆல்பத்தின் பாட்டுகளுக்கானது. அந்த மாதிரி பயணம் என்றால் 2இலிருந்து 7 வரையான கட்டங்களைப் போகும் வழியில் திரும்ப ஓட்டினாலே போதும்.